பத்து மணி பதினான்கு நிமிடம்

என் தம்பி ஹார்லன் ஃபிஸ்க்கைப் புதைத்த அன்று பாதிரியார் அவனை நேர்மையின் உருவம் என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து நின்று 'கொஞ்சம் நிறுத்துங்கள்' என்று சொல்லலாம் போல இருந்தது. சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டு என் வீட்டில் ஹாம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஹார்லன் நேர்மையானவன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. முப்பது வருஷக் கடற்படை வாழ்க்கையில் கப்பல் புத்தகத்தில் அவன் எழுதிய பொய் ஒன்றே ஒன்று. மூன்று நிமிடப் பொய். அதை எழுதச் சொன்னவள் நான். அதனால் பாதிரியார் விட்ட இடத்திலிருந்து நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு வலேஹோவில், ஜார்ஜியா தெருவில், தையல்கடை. மேர் தீவுக் கப்பல்தளத்துக்குப் போகும் படகுத்துறை கடையிலிருந்து கூப்பிடு தூரம். என்னிடம் வருவதெல்லாம் கடற்படைத் துணிதான். சட்டைக் கையில் தங்கப் பட்டை கூட்டுவதும், தண்டனை வாங்கினவனுக்குப் பட்டையைப் பிரித்தெடுப்பதும் என் வேலை. யார் ஏறினான், யார் இறங்கினான் என்பது வாஷிங்டனுக்கு அடுத்தபடி என் ஊசிக்குத்தான் தெரியும். ஆம்புரோஸ் டில்லரி என்ற மனிதருக்கு முதல் மூன்று பட்டையிலிருந்து அட்மிரலின் அகலப் பட்டை வரை தைத்தது நான்தான். என் தம்பி அவர் பின்னாலேயே இருபது வருஷம் போனான்.

ஹார்லன் குவார்ட்டர்மாஸ்டர். கப்பல் ஓட்டும் மேடையில் நின்று கடிகாரம் பார்த்து, நடப்பதையெல்லாம் அந்தந்த நிமிடத்தில் பென்சிலால் லாக் புத்தகத்தில் எழுதுவது அவன் தொழில். அந்தப் புத்தகத்தில் ரப்பர் படக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு கிழிக்க வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படியாக. பக்கத்தில் சரியானதை எழுதித் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். தப்பு என்னுடையது, திருத்தியதும் நான் என்று அதற்கு அர்த்தம். பிறகு அதைப் பார்த்துச் சுத்தமாக டைப் அடித்து அதிகாரி கையெழுத்துப் போடுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கப்பலில் பகல் பன்னிரண்டு மணி தானாக ஆகாது. ஒரு ஆள் கேப்டனிடம் போய் 'பன்னிரண்டு மணி, சார்' என்று அறிவிப்பான். அவர் 'ஆகட்டும்' என்பார். அப்புறம்தான் மணி அடிப்பார்கள். அதுவரை சூரியன் உச்சியில் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

"அவர் குளிச்சிட்டு இருந்தா என்னடா பண்ணுவீங்க? பதினொண்ணே முக்கால்லயே எல்லாரும் நிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"கதவத் தட்டுவோம், லியோ. உள்ளேருந்து ஆகட்டும்னு சத்தம் வரும். சிரிக்காத. கடல்ல யாராவது ஒருத்தர் சொன்னாத்தான் மணி. இல்லாட்டி ஆளுக்கு ஒரு மணி வச்சுக்குவாங்க" என்றான் அவன்.

இப்போது யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டில்லரியோடு அவன் சேர்ந்தது 1918-இல், அயர்லாந்துக் கடலில், ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் துரத்திக்கொண்டிருந்தபோது. எட்டு மாதம் துரத்தினார்கள். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. சண்டை முடிந்து ஊர் திரும்பினார்கள். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்குச் சண்டையே வரவில்லை. நல்ல நல்ல கப்பல்களை ஒப்பந்தம் போட்டு உடைத்தார்கள். பதவி உயர்வு நின்றுபோயிற்று. ஒரு கடற்படை அதிகாரி தன்னைக் கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ள இருந்த ஒரே வழி வருஷாவருஷம் நடக்கும் பாவனைச் சண்டை. நம் கப்பல்களே நீலம், கறுப்பு என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒன்றையொன்று வேட்டையாடும். கையில் பட்டை கட்டிய நடுவர்கள் ஒவ்வொரு கப்பலிலும் உட்கார்ந்து, யார் மூழ்கினான் என்று தாளில் எழுதுவார்கள். மூழ்கிய கப்பலின் அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும்.

"இந்த வருஷம் நாலு தடவ செத்தேன். பசிதான் போகல" என்று சொல்லி என் சமையலறையில் மூன்று தட்டு சாப்பிடுவான் ஹார்லன்.

டில்லரி கெட்ட மனிதரில்லை. அதைச் சொல்லாவிட்டால் நானும் பொய் சொன்னவளாவேன். குரல் உயர்த்த மாட்டார். மாலுமிகளின் பிள்ளைகள் பெயர்கூட அவருக்குத் தெரியும். ஹார்லனின் மனைவியும் குழந்தையும் பிரசவத்தில் செத்தபோது கப்பலை விட்டு இறங்கி வந்து, என் கடை முக்காலியில் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். எந்தக் கப்பலுக்கு மாற்றினாலும் 'ஃபிஸ்க்கையும் அனுப்புங்கள்' என்று எழுதிக் கேட்பார். அந்த வார்த்தைக்காக என் தம்பி நெருப்பில் குதித்திருப்பான்.

1928-இல் அவர்களுடைய டிஸ்ட்ராயர் என்ற சின்ன, வேகமான போர்க்கப்பலுக்கு ரோலண்ட் பெக் என்றொரு பையன் வந்தான். நெப்ராஸ்காவில் சோளக்காட்டுப் பிறப்பு. மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையைத் தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை. பத்தொன்பது வயது. கடற்படையில் சேர்த்துக்கொண்டார்களே தவிர அவனுக்கு நீந்தவே வராது. ஹார்லன்தான் சான் டியேகோவில் குளத்தில் இறக்கிப் பழக்கினான். பிள்ளையில்லாதவன் அல்லவா, கொஞ்சம் கூடுதலாகவே பழக்கினான். இரண்டு மாதத்தில் பையன் அரை மணி நேரம் மிதந்தான்.

"கப்பலேருந்து விழுந்துட்டா அது பின்னால நீந்தாத. உங்கப்பனாலகூட அதப் புடிக்க முடியாது. மல்லாந்து படு. ஒரு கையத் தூக்கிக் காட்டிக்கிட்டே இரு. நாங்க வந்து அள்ளிக்குவோம்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

"நீங்க வரலேன்னா?"

"வராம எங்கடா போவோம்? சோறு வடிச்சு வச்சிருக்கோம், நீ இல்லாம யாரு திங்கிறது?"

1929 மார்ச். மான்டரேக்கு மேற்கே பாவனைச் சண்டை. டில்லரி நாலு டிஸ்ட்ராயர்களுக்குத் தலைவர். எதிர்க்கட்சியின் பெரிய போர்க்கப்பல்கள் வரும் வழியில் வேகமாக ஓடி, கரும்புகையால் ஒரு திரை போட்டு, அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு திரும்பி அடிப்பது அவர் திட்டம். வழக்கமாகத் தலைவர் கப்பல் முன்னால் போகும். அன்று அவர் கடைசியில் போனார். திரையின் கடைசி முனை எங்கே முடிகிறது என்பதில்தான் வெற்றி இருந்தது. ஒரு நிமிடம் முன்னால் திரும்பினாலும் எதிரிக்குத் தெரிந்துவிடும்.

காலை பத்து மணி பதினான்கு நிமிடத்துக்கு, கப்பல் சாய்ந்தபோது, ரோலண்ட் பெக் கடலில் விழுந்தான்.

"ஆள் விழுந்துட்டான்! இடது பக்கம்!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ஹார்லன் மிதவை வளையத்தைப் பிடுங்கி வீசினான். கடிகாரத்தைப் பார்த்தான், எழுதினான். ஆள் விழுந்தால் கேள்வி கேட்காமல் சுக்கானைத் திருப்ப வேண்டும் என்பது கடலில் எல்லாருக்கும் தெரிந்தது. சுக்கான் பிடித்திருந்தவன் டில்லரியைப் பார்த்தான்.

"அப்படியே புடி" என்றார் டில்லரி.

"சார், ஆள்..." என்றான் ஹார்லன்.

"கேட்டுச்சு, ஃபிஸ்க். அப்படியே புடி."

ஹார்லன் மேடையின் ஓரத்துக்குப் போய்ப் பார்த்தான். பையன் மல்லாந்து படுத்திருந்தான். ஒரு கை மேலே. சொல்லிக்கொடுத்தது ஒன்றைக்கூட மறக்கவில்லை அவன். அப்புறம் புகை இறங்கி மறைத்துவிட்டது. கப்பல் நாலு நிமிடம் நேராக ஓடியது. பத்து பதினெட்டுக்கு டில்லரி திரும்பச் சொன்னார். மற்ற மூன்று கப்பல்களைப் புகைக்குள் அனுப்பிவிட்டு, தன் கப்பலைப் பையனைத் தேட விட்டார். அந்த வேகத்தில் நாலு நிமிடம் என்றால் இரண்டு மைல். அவர்களே போட்ட புகை தண்ணீர்மேல் படுத்துக் கிடந்தது. மாலை வரை தேடினார்கள். வளையம் கிடைத்தது. பையன் கிடைக்கவில்லை.

எதிரியின் மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கியதாக நடுவர்கள் எழுதினார்கள்.

மறுநாள் டில்லரி ஹார்லனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். லாக் புத்தகம் மேசைமேல் திறந்திருந்தது. அவர் மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. பத்து பதினான்கு என்ற இடத்தில் விரலை வைத்து, "உன் கடிகாரம் சரியா இருந்துச்சா, ஃபிஸ்க்?" என்று மட்டும் கேட்டார். யோசித்துச் சொல் என்று புத்தகத்தை அவனிடமே கொடுத்துவிட்டார். கப்பல் மேர் தீவுக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே விசாரணை.

ஹார்லன் கடைக்கு வந்து, துணி வெட்டும் மேசைமேல் தொப்பியைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். நான் அப்போது ஒரு கோட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். வேலையை நிறுத்தக்கூட இல்லை.

"கடிகாரம் சரிதானா?" என்று கேட்டேன்.

"ஒரு செகண்டுகூட மாறல."

"அவர் என்ன எதிர்பாக்கிறார்?"

"பத்து பதினேழுன்னு. ஒரு நிமிஷத்துல திருப்பிட்டாருன்னு ஆகும்."

"வேற யாரு மணி பாத்தது?"

"யாருமில்ல. மணி பாக்கிறது என் வேலை."

"அப்ப எழுதிட்டுப் போ" என்றேன். "செத்த பையன் திரும்பி வரப் போறதில்ல. உனக்காக இத்தன வருஷம் எழுதிக் கேட்ட மனுஷன். அவர் கழுத்துல கயித்தப் போட்டுட்டு நீ யார் முகத்துல முழிப்ப? மூணு நிமிஷம்டா. குடியா முழுகிடும்?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். வேறு ஏதோ சொல்வேன் என்று நினைத்து வந்திருக்கிறான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். பத்து பதினான்கின் மேல் ஒரு கோடு கிழித்தான். பக்கத்தில் பத்து பதினேழு என்று எழுதி, ஹெச். எஃப். என்று போட்டான். விசாரணையில் கைதூக்கிச் சத்தியம் பண்ணி அதையே சொன்னான். யார் மேலும் குற்றமில்லை என்று முடிந்தது. அந்த வருஷக் கடைசியில் அவன் சீஃப் ஆனான். எத்தனையோ தடவை பரீட்சை எழுதிக் காத்திருந்த பதவி. அந்தப் பதவிக்கான சீருடையை நான்தான் தைத்தேன். கண்ணாடி முன் நிறுத்தினால் பார்க்க மாட்டேன் என்றான்.

பையனின் தாய்க்கு டில்லரி தன் கையாலேயே நாலு பக்கம் எழுதினார். கப்பல் உடனே திரும்பியது, ஆனால் உங்கள் மகன் அதற்குள் மூழ்கிவிட்டான் என்று எழுதியிருந்தார். அந்தம்மா, ஆகஸ்டா பெக், ஹார்லனுக்கும் கடிதம் போட்டாள். மகன் தன் கடிதங்களில் அவனைப் பற்றி எழுதியிருப்பான் போல. 'அவன் கஷ்டப்பட்டானா?' என்ற ஒரே கேள்வி. ஹார்லன் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதில் எழுதினான்: விழுந்தவுடன் போய்விட்டான், அம்மா, ஒன்றும் தெரிந்திருக்காது. தாய்க்கு அது போதுமானதாக இருந்தது. நீச்சல் பழகியதை மட்டும் மகன் எழுதவில்லை போல, அவனுக்கு நீந்தத் தெரியாது என்றுதான் அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பாட்டில் பிளம் ஜாம் வந்தது. ஹார்லன் அதைத் தொட மாட்டான். பரணில் பன்னிரண்டு பாட்டில் சேர்ந்தது.

டில்லரி ஏறிக்கொண்டே போனார். அந்தத் திருப்பத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இளம் அதிகாரிகளுக்குக் கரும்பலகையில் அதை வரைந்து காட்டினார்களாம். எங்கே, எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம் என்று ஹார்லன் சொன்னான். படம் வரைகிறவர்கள் அந்த நாலு நிமிடத்தை நல்ல தடிமனான கோடாகப் போடுவார்களாம். பெரிய போர்க்கப்பலுக்குக் கேப்டன் ஆனார். 1935-இல் அட்மிரல் ஆனார். ஹார்லன் கூடவே இருந்தான், ஆனால் சிரிப்பு நின்றுபோயிற்று. செத்த கணக்குச் சொல்லிச் சாப்பிடும் வழக்கமும் போயிற்று.

1938-இல் இதயம் பழுதாகி அவர் ஓய்வுபெற்றார். சீருடை இல்லாத வாழ்க்கைக்கு ஒரு கோட்டு தைக்க என்னிடம் வந்தார். நான் தோளளவு எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஹார்லன் வாசலருகில் நிற்கிறான். கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"அன்னிக்கு உன் கடிகாரம் சரிதான், இல்லையா ஃபிஸ்க்?"

"சரிதான், சார்."

அவர் தலையாட்டினார். மன்னித்துக்கொள் என்று சொல்வார் என்று நான் நாடாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். "அந்தப் போர்க்கப்பல்கள் நிஜமானதா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நிஜமானதாக இல்லையே, ஐயா. என் நாக்கு நுனி வரை வந்தது. வாயில் குண்டூசி இருந்ததால் தப்பித்தார். அடுத்த வருஷம் செத்துப்போனார். பெட்டியைத் தூக்கியவர்களில் என் தம்பியும் ஒருவன்.

1940-இல் புதிய டிஸ்ட்ராயர் ஒன்றுக்கு டில்லரியின் பெயர் வைக்கப்போவதாகப் பத்திரிகையில் வந்தது. மேர் தீவிலேயே கட்டினார்கள். அப்போது அந்தத் தளத்திலேயே வேலையிலிருந்த ஹார்லன் தினமும் அதைத் தாண்டித்தான் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நடந்தது அத்தனையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினான். இந்தத் தடவை என்னிடம் கேட்கவில்லை. ஆறு வாரம் கழித்து மரியாதையான பதில் வந்தது. 'பழைய லாக் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். முதலில் எழுதிய நேரம் பிழை என்று அன்றைய குவார்ட்டர்மாஸ்டரே திருத்தி முதலெழுத்துப் போட்டிருக்கிறார். ஆகவே மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.' அந்தக் குவார்ட்டர்மாஸ்டர் யார் என்று பதில் எழுதியவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"என் எழுத்தாலேயே என்ன அடிச்சுட்டாங்க, லியோ" என்றான். அவர்கள் மேல் என்ன தப்பு? புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னார்கள்.

கப்பலை நீரில் இறக்குவது 1941 ஜூன் மாதம் என்று முடிவாயிற்று. மே கடைசியில் ஆகஸ்டா பெக்கின் கடிதம் வந்தது. அந்த நல்ல மனிதரின் பெயரைக் கப்பலுக்கு வைக்கிறார்களாமே, நான் வந்து அவர் மனைவிக்கு நன்றி சொல்ல வேண்டும், உங்களையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

"வர வேண்டாம்னு எழுது" என்றேன் நான்.

"இல்ல, வரட்டும். கேட்டா சொல்லிடுவேன். என் சாவுக்குள்ள அவங்களுக்குத் தெரியணும்."

"இத்தன வருஷம் நிம்மதியா இருந்த பொம்பளைய எதுக்குடா கிளறுற? உன் பாரத்த எறக்கி அவ தலையில வைக்கவா?"

"அன்னிக்கு நீ சொன்னதக் கேட்டேன்" என்றான்.

கப்பலை நீரில் இறக்கும் நாளுக்கு முந்தின நாள் ஆகஸ்டா வந்தாள். ஒடிசலான, நெடிய உடம்பு. காய்த்துப்போன கைகள். ஹார்லனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். அவன் மரம் போல நின்றான். கடைக்கு மேலே என் வீட்டில்தான் தங்கினாள். சாப்பாட்டில் மகனைப் பற்றியே பேசினாள், சிரித்துச் சிரித்து. ஹார்லன் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவன். அன்று ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை, முட்டையும் காப்பியும் மேசைமேல். அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"மிஸஸ் டில்லரிகிட்ட பேச ரெண்டு வரி எழுதி வச்சிருக்கேன். பெரிய எடத்துல எனக்கு வாய் குழறும். நீங்க அங்க இருந்தவரு. எதாவது தப்பா இருந்தா திருத்திக்குடுங்க" என்று அவனிடம் நீட்டினாள்.

எட்டிப் பார்த்தேன். 'அம்மா, என் மகன் கடலில் விழுந்தபோது உங்கள் கணவர் உடனே கப்பலைத் திருப்பினார். அதற்கு நன்றி சொல்ல வந்தேன்.' அவ்வளவுதான்.

ஹார்லன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தான். 'உடனே' என்ற வார்த்தையின் மேல் ஒரே ஒரு கோடு கிழித்தான். அதற்கு மேலே 'நான்கு நிமிடம் கழித்து' என்று எழுதினான். பக்கத்தில் ஹெச். எஃப். என்று போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

அவள் படித்தாள். "இது என்ன?" என்றாள்.

அவன் சொன்னான். புகையை, நடுவர்களை, கடிகாரத்தை, எல்லாவற்றையும். நான் இடையில் புகுந்து, "எழுதச் சொன்னது நான்தான்" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவன் உடனே போயிட்டான்னு எழுதினீங்க. அவனுக்குத்தான் நீந்தத் தெரியாதே" என்றாள்.

"தெரியும், அம்மா. நான் கத்துக்குடுத்தேன். மல்லாந்து படுத்துக் கைய தூக்கியிருந்தான். நான் சொன்னபடி."

"உங்களப் பாத்தானா?"

"பாத்தான்."

"அப்ப நீங்க வர்றீங்கன்னுதான் படுத்திருப்பான்."

ஹார்லன் மேசைமேல் கவிழ்ந்து அழுதான். என் தம்பி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை, மனைவி செத்தபோதுகூட.

"பன்னெண்டு வருஷம்" என்றாள் அவள். குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் முழங்கால் போட்டு, சட்டுனு எடுத்துக்கிட்டியே சாமின்னு நன்றி சொன்னேன். அத்தனையும் பொய்யி. யார்கிட்டப் போய் அதத் திருப்பிக் கேப்பேன்? என் மேல பரிதாபப்பட்டு எழுதினீங்களோ? உங்க பரிதாபத்துல இடி விழ. என் பிள்ள எப்படிச் செத்தான்னு தெரியாம இருந்திருக்கேன், அம்மாவாம் அம்மா."

எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊருக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். மதியம் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "படகு எத்தன மணிக்கு?" என்றாள்.

அத்தனை பேர் முன்னால் போட்டு உடைக்கப் போகிறாள் என்று தோன்றியது. படகில் ஹார்லனிடம் மெதுவாகச் சொன்னேன். "உடைக்கட்டும். அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு" என்றான். முகம் வெளுத்திருந்தாலும் தோள் நிமிர்ந்திருந்தது. அவனை அப்படிப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. புத்தகம் மறுத்ததை அவள் வாயால் ஊர் கேட்கும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

கூட்டம், கொடி, வாத்தியம். மிஸஸ் டில்லரி எழுபதை நெருங்கியவள் போல இருந்தாள், உண்மையில் அவ்வளவு வயதில்லை. நீலக் கோட்டுப் போட்ட சின்ன உருவம். வழக்கப்படி கப்பலின் மூக்கில் ஷாம்பேன் பாட்டிலை உடைக்க அவள் இரண்டு தடவை வீச வேண்டியிருந்தது. கப்பல் சறுக்கித் தண்ணீரில் விழுந்தது, எல்லாரும் தொப்பியை வீசினார்கள். அவள் மட்டும் அது போகிற திசையைப் பார்த்துக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கைகுலுக்கும் வரிசை. ஆகஸ்டா பெக் போய் நின்றாள், பின்னால் ஹார்லன், அவனுக்குப் பின்னால் நான். அவளுடைய முறை வந்தது. தன் பெயரைச் சொன்னாள்.

"பெக்கா? அந்தப் பையனோட அம்மாவா?" என்று மிஸஸ் டில்லரி அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "கடைசி வருஷம் எங்க வீட்டுக்காரர் தூக்கத்துல அந்தப் பேரத்தான் சொல்லிட்டிருந்தார். என்ன நடந்துச்சுன்னு கேட்டா சொல்ல மாட்டார். நீங்களாவது சொல்லுங்க. அவர் ஏதாவது தப்புப் பண்ணிட்டாரா?"

ஆகஸ்டா பெக் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் அந்தக் கோடு இருந்தது.

"இல்லம்மா" என்றாள். "உடனே திருப்பினார். உடனே. அதுக்கு நன்றி சொல்லத்தான் நெப்ராஸ்காலேருந்து வந்தேன்."

கிழவி அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். ஆகஸ்டா பெக் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு விலகி, எங்களிடம் வந்தாள். தாளை நாலாக மடித்தாள்.

"பொய் எவ்வளவு லேசா வருது" என்று ஹார்லனிடம் சொன்னாள். "உங்கள இனிமே என்னால திட்டக்கூட முடியாது."